மாட்டுவண்டியில் கட்டிய வெளிச்சம்

போட்டோக்காரர் எந்த விளக்கையும் வைத்த இடத்தில் இருக்கவிட்டதில்லை. யார் வீட்டுக்குச் சென்றாலும், செருப்பைக் கழற்றியதும் அவர் பார்வை முதலில் விளக்கைத் தேடும். மாடத்துச் சிமினி விளக்கை ஒரு சாண் தள்ளிவைப்பார்; கூடத்து அரிக்கேனைக் கொக்கியிலிருந்து எடுத்து மூலையாணியில் மாட்டுவார்; அதன் பிறகே நலம் விசாரிப்பார். திருத்தணிக் கடைத்தெருவில் இட்டிலிக் கடை வைத்திருந்தவர் இவர் தலையைக் கண்டதுமே கூவத் தொடங்குவார்.

"தோ வந்துட்டாரு! ஏங்க, வெளக்கத் தொடாதீங்க. போன தபா நீங்க நவுத்திட்டுப் போனதுல சட்னி எது சாம்பார் எதுன்னு தெரியாம ஊத்திகினு இருந்தேன்."

"ஊத்துறவனுக்கு எதுக்குய்யா வெளிச்சம்? துன்றவன் கண்ணுல குத்துதே, அதப் பாரு" என்பார் போட்டோக்காரர். சொல்லி முடிப்பதற்குள் அவர் கை விளக்கின் பிடியைப் பற்றியிருக்கும்.

ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவரும் இல்லை. எனக்கு அவர் பெயர் தெரியும். இங்கே அதை எழுதாமல் விடுகிறேன். ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் நாட்டு ஓடு வேய்ந்த ஒரு நீண்ட அறையே அவருடைய படக்கூடம். வீட்டில் தெலுங்கும் தொழிலில் தமிழும் பேசுவார். படம் கழுவும் மருந்துநீர் பட்டுப் பட்டு விரல்நுனிகள் பழுப்பேறியிருக்கும். நாற்பதைக் கடந்தவர். தம்மைவிட இளையவர் யாராயினும் 'நைனா' என்பார். என்னை மட்டும் 'வாத்தியாரே' என்பார். நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாகச் சேர்ந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

ஒருவர் கண்ணுக்கு நேராக வெளிச்சத்தை அடிப்பது அவரைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம் என்பது அவர் கொள்கை. கொள்கை என்று நான்தான் சொல்கிறேன். அவருக்கு அது பசியையும் தூக்கத்தையும் போல ஓர் உடற்குணம். புதிதாக வந்த காவல் ஆய்வாளர் ஒருவர் விறைப்பான சீருடையில் படமெடுக்க வந்து, சன்னலுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். போட்டோக்காரர் அவரை எழுப்பிவிட்டார்.

"மூஞ்சிக்கு நேரா வெளிச்சம் அடிக்கறது உங்க டேசன்லங்க. இங்க அப்டி இல்ல, இந்தாண்ட குந்துங்க."

ஆய்வாளர் சினந்தாரா சிரித்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் நாற்காலி மூன்றுமுறை இடம் மாறியது என்றும், படமெடுத்து முடிவதற்குள் அவருடைய சட்டை வியர்வையால் நனைந்து அதன் விறைப்பெல்லாம் போய்விட்டது என்றும் ஊர் பேசிக்கொண்டது. கனகம்மாசத்திரத்தில் ஒரு திருமணத்தில், மணமக்களை இவர் பந்தலின் நான்கு கால்களையும் சுற்றிவரச் செய்து வெளிச்சம் தேடியதில், மணமகளின் பாட்டனார் படம் வேண்டாம் என்று சொல்லிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். வந்த படங்களோ அழகாக இருக்கும். அதுதான் எரிச்சலை மிகுவிப்பது. காத்திருந்து காத்திருந்து நாம் திட்டுவதற்குச் சொற்களை அடுக்கி வைத்திருக்கும்போது, அவர் ஈரம் உலராத ஒரு படத்தை நீட்டுவார். அதில் இருப்பவர், தம்மை யாரும் பார்க்காத நேரத்தில் எப்படி இருப்பாரோ அப்படி இருப்பார்.

பள்ளிக்கூட வேலைக்கு அப்பால் சடுகுடுக் கழகத்தின் செயலர் பொறுப்பும் என்மேல் விழுந்தது. ஆடத் தெரியும் என்பதனால் அன்று, விண்ணப்பம் எழுதத் தெரியும் என்பதனால். ஆடுபவர்கள் தறியிலும் ஏரிலும் பகலைக் கழிப்பவர்கள். ஆகவே ஆட்டம் பொழுது சாய்ந்த பின்னரே. மாசி மாதத்தில் நந்தியாறு வெறும் மணலாகக் கிடக்கும். அதில் கோடு கிழித்து, சுற்றிலும் கம்பம் நட்டுப் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தொங்கவிட்டால் ஆடுகளம் ஆயிற்று. அம்மையார்குப்பத்துக்கும் பள்ளிப்பட்டுக்கும் ஆண்டுதோறும் போட்டி.

அம்மையார்குப்பத்து ஆட்டக்காரர்களில் தலையானவர் ஏகாம்பரம் என்னும் நெசவாளி. மூச்சுப் பிடித்து 'சடுகுடு சடுகுடு' என்று பாடிக்கொண்டு அவர் நடுக்கோட்டைத் தாண்டினால், எதிர்ப்பக்கத்து எழுவரும் ஓர் அடி பின்வாங்குவார்கள். பாட்டு இடையில் அறுந்தால் பாடிச் சென்றவர் ஆட்டமிழப்பார். அதுதான் இவ்விளையாட்டின் உயிர்நிலை. ஏகாம்பரத்தின் பாட்டு அறுந்து எவரும் கேட்டதில்லை.

கேட்டது ஒரே ஒருமுறை. அதற்குக் காரணமானவன் நான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த ஆண்டு அது. போட்டியைப் படமெடுக்கப் போட்டோக்காரரை அழைத்திருந்தேன். அப்போது அவரிடம் இருந்தது, வெளிச்சத்துக்காகத் தட்டில் கொட்டிக் கொளுத்தும் மருந்துப் பொடி. அதைக் களத்தின் ஓரத்தில், பக்கவாட்டில் வைக்க வேண்டும் என்று அவர் இடம் தேடிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடியப்போகிறதே என்ற பதற்றத்தில் நான் அவர் கையைப் பிடித்துக் காமிராவின் அருகிலேயே நிறுத்தினேன். "இங்கேயே கொளுத்துங்கள். ஆட்டத்தை எடுக்கச் சொன்னால் அளவெடுத்துக்கொண்டிருக்கிறீர்களே!" அவர் என்னை ஒருமுறை பார்த்தார், கொளுத்தினார். நேர் எதிரே பாடி வந்துகொண்டிருந்த ஏகாம்பரத்தின் கண்ணில் அந்த வெள்ளை நெருப்பு மோதியது. 'சடு' என்ற ஒலி தொண்டையில் நின்றது. கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பள்ளிப்பட்டார் ஆர்ப்பரித்தனர். நடுவர் வேறென்ன செய்வார்? மூச்சு விட்டவர் ஆட்டமிழந்தவரே. அந்த ஓர் ஆளின் குறையால் அம்மையார்குப்பம் தோற்றது.

"ஒரு ஆளோட மூச்சப் புடுங்கிட்டேனே, வாத்தியாரே" என்று போட்டோக்காரர் அன்றிரவு முழுதும் புலம்பினார். பிடுங்கச் சொன்னவன் நான் என்பதை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

மறு ஆண்டு நூலுக்கு அரசு விதித்த கட்டுப்பாடு நெசவாளர்களின் கழுத்தை இறுக்கியது. அம்மையார்குப்பத்தில் பத்துத் தறிக்கு மூன்று தறி ஓடியது. ஏகாம்பரத்தின் தறி ஓடாதவற்றுள் ஒன்று. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அந்நாளில் சென்னையில் ஒரு பெரிய தொழிற்சாலை தன் சடுகுடுக் குழுவுக்கு ஆள் சேர்ப்பதாக அறிந்து, நான் ஏகாம்பரத்துக்காக எழுதினேன். குழுவில் சேர்ந்தால் அங்கேயே நிலையான வேலை. விடை வந்தது: ஆட்ட நேரத்தில் எடுத்த அவருடைய படம் ஒன்றை மாத முடிவுக்குள் அனுப்புக. கடிதத்தைப் படித்துக் காட்டியபோது ஏகாம்பரம் ஒன்றே கேட்டார்.

"படம் சரியா வந்துடும்ங்களா அய்யா? வேல கெடைக்கலன்னா நான் பம்பாய்க்குத்தான் ரயில் ஏறணும்."

மாத முடிவுக்கு முன் இருந்த ஆட்டம் ஒன்றே ஒன்று: பள்ளிப்பட்டோடு நடக்கும் அந்த ஆண்டுப் போட்டி.

போட்டோக்காரர் இம்முறை மருந்துப் பொடியைக் கையால் தொடவில்லை. சென்னைக்குப் போய், பட்டாளத்தார் விற்றுச் சென்ற பழஞ்சாமான்களில் இரண்டு பல்புகளை வாங்கி வந்தார். கோழிமுட்டையினும் பெரியவை, உள்ளே வெள்ளிச் சரிகைபோல் ஏதோ சுருண்டிருக்கும். மின்சாரம் பாய்ந்தால் ஒரே ஒரு கணம் பகலைப்போல் எரிந்து செத்துவிடும். ஒரு பல்புக்கு ஒரு படம். இரண்டைத்தவிர வேறு கிடைக்கவில்லை. பாத்திரக்கடையில் அகன்ற பித்தளைத் தாம்பாளம் ஒன்றை வாங்கி ஈயம் பூசச் செய்து, அதன் நடுவில் பல்பைப் பொருத்தினார். தாம்பாளத்தை ஒரு மூங்கிலின் நுனியில் கட்டினார். அங்கிருந்து நாற்பது முழம் கம்பி, டார்ச் லைட்டு பாட்டரிக் கட்டைகள் அடுக்கிய பெட்டி வழியாக, அவர் கையில் இருக்கும் ஓர் அழைப்புமணிப் பொத்தானுக்கு வந்தது. காமிராவின் மூடியைத் திறக்க வேண்டும். பொத்தானை அழுத்த வேண்டும். மூடியை மூட வேண்டும். அவ்வளவே.

அவ்வளவே என்று நான் நினைத்தேன்.

மூங்கிலை நட்டால் இடம் மாற்ற முடியாது என்பதனால், அவர் அதை ஒரு மாட்டுவண்டியின் மேல் நிமிர்த்திக் கட்டினார். மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியை ஆற்றுமணலில் ஆறுபேர் தள்ள வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்குத் தள்ளத் தொடங்கினார்கள். முதலில் வண்டி களத்தின் வடக்கே நின்றது. அங்கே மூங்கிலடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்; பிறகு ஏகாம்பரம் நிற்கும் இடத்துக்கு ஓடிப்போய் அங்கிருந்து தாம்பாளத்தைப் பார்த்தார்.

"கண்ணுக்கு வருது. நவுத்துங்க."

தெற்கே தள்ளினார்கள். இப்போது எதிரணியார் நிற்கும் இடத்துக்கு ஓடினார். "இவங்க கண்ணுக்கு வருது. நவுத்துங்க."

"வரட்டுமேங்க" என்றேன் நான். "நம் ஆளுக்கு அதனால் நட்டமில்லையே."

"அவன் கண்ணு கண்ணு இல்லியா வாத்தியாரே? கண்ணு கூசினவன் எப்டிப் புடிப்பான்? நாளைக்கு ஏகாம்பரம் செயிச்சான்னா, வெளக்கு செயிச்சுக் குடுத்துதும்பான்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. பெட்ரோமாக்ஸ்கள் ஏற்றப்பட்டன. மணலில் வண்டிச்சக்கரம் அரை முழம் புதைந்தது. தள்ளுபவர்களில் ஒருவர் நுகத்தடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா போட்டோக்காரே, தேரு இன்னும் நெலைக்கு வரலியா?" என்று பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "வடம் புடிக்க நாங்க வரட்டுமா?"

"வா நைனா, வா. உன் கண்ணுக்காகத்தான் இழுத்துகினு கெடக்கிறேன்" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மேற்குப் பக்கம் நடுக்கோட்டுக்கு நேராக வண்டியைக் கொண்டுசெல்லும்போது சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. மூங்கில் ஆடியது. கம்பி எங்கோ கம்பியைத் தொட்டது. ஆறு முழுவதும் ஒரு கணம் வெளுத்தது. கரையில் கட்டியிருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. முதல் பல்பு, எதையும் படமெடுக்காமல், தாம்பாளத்தில் வெந்து வெளுத்துக் கிடந்தது.

நான் அவரை அப்போது என்னவெல்லாம் சொன்னேன் என்பதை எழுதக் கூசுகிறேன். பள்ளியில் நான் மாணவர்க்கு விலக்கும் சொற்கள் அவற்றுள் இரண்டேனும் இருந்தன. அவர் எஞ்சிய பல்பை இடுப்புத் துணியிலிருந்து எடுத்துப் பொருத்தினார். மூங்கிலின் உச்சியை இன்னும் இரண்டு முழம் உயர்த்தினார். பக்கத்திலிருந்து, தலைக்கு மேலிருந்து, ஒருவர் கண்ணையும் நேரே சந்திக்காமல் வெளிச்சம் விழும் இடம் அதுதான் என்று முடிவு செய்தார். மேற்கில் வண்டியும் கூட்டமும் அடைத்துக்கொண்டதால் காமிராவை அவர் கிழக்கே நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் பொருள் எனக்கு அப்போது புலப்படவில்லை.

ஆட்டம் நடந்தது. ஏகாம்பரம் நான்கு முறை பாடிச் சென்று வந்தார். போட்டோக்காரர் பொத்தானை அழுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்தேன். ஐந்தாம் முறை, எழுவரில் மூவர் அவரை வளைக்க, ஏகாம்பரம் ஒற்றைக் காலில் உடலை வில்லாக வளைத்துக் கையை நீட்டினார். வெளிச்சம் பிறந்தது. களத்தில் இருந்த அத்தனை மணலும் ஒரு கணம் தெரிந்தது.

போட்டோக்காரர் களத்தைப் பார்க்கவில்லை. மூடியைக் காமிராவில் மாட்டிவிட்டு, கண்ணை மூடிக் காதைக் களத்துப் பக்கம் திருப்பி நின்றார். 'சடுகுடு சடுகுடு சடுகுடு' என்று பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இருவரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பும்வரை ஓடியது.

"அறுபடல!" என்று அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வாத்தியாரே, கேட்டீங்களா? மூச்சு அறுபடல!"

அம்மையார்குப்பம் வென்றது.

இரண்டு நாள் கழித்துப் படத்தை என் கையில் கொடுத்தார். பார்த்தேன். தெறித்த மணல் துளித்துளியாக ஒளிர்ந்தது. வளைந்த முதுகு, நீண்ட கை, தரையை ஒரே விரலால் தொட்டு நின்ற கால், எதிராளியின் இடுப்பை எட்டிய விரல்நுனி, எல்லாம் விளிம்புதோறும் வெள்ளிக்கோடு இட்டதுபோல் தெரிந்தன. முகம் மட்டும் கறுப்பு. மேற்கிலிருந்து விழுந்த வெளிச்சம் கிழக்கே திரும்பிய முகத்தைத் தொடவே இல்லை.

"முகம் எங்கே?" என்றேன்.

"முகம் வேணும்னா கண்ணுல அடிக்கணும். கண்ணுல அடிச்சா..."

"மூச்சு அறுந்துவிடும். தெரியும். நீங்கள் அவருடைய ஆட்டத்தைக் காப்பாற்றினீர்கள், வேலையைக் கெடுத்தீர்கள். இதில் இருப்பவர் ஏகாம்பரம் என்று யார் சொல்வார்கள்? யாருடைய நிழலாகவும் இருக்கலாமே!"

"அந்த முதுகு வேற யாருக்குங்க வரும்?" என்றார் அவர், மிகத் தணிந்த குரலில்.

நான் படத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். என் மேசையில் ஒரு நிகண்டுக்குள் செருகினேன். மறுநாளே ஏகாம்பரத்தை ரயிலேற்றி அரக்கோணத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த படக்கடையில் அவரை ஒரு நாற்காலியில் அமர்த்தி, முகத்துக்கு நேரே இரண்டு விளக்குகளைத் திருப்பி, ஐந்து நிமிடத்தில் எடுத்து முடித்தார்கள். ஒரு வடு, ஒரு மச்சம் விடாமல் முகம் தெரிந்தது. ஆட்டத்தின் குறையை நான் என் எழுத்தால் நிரப்பினேன். அவர் எவ்வாறு பாய்வார், எவ்வாறு மீள்வார் என்று மூன்று பக்கம் வருணித்து, உவமைகளைத் தேர்ந்து இட்டு, படத்தோடு அஞ்சலில் சேர்த்தேன். எழுதி முடித்ததும் அதை எனக்கே ஒருமுறை உரக்கப் படித்துக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

விடை பதினைந்தாம் நாள் வந்தது. ஆங்கிலத்தில் நான்கே வரி. நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதரைக் கொண்டு ஆட்டத்தை அறிய இயலவில்லை, முகம் எங்களுக்குத் தேவையில்லை, கையும் காலும் எட்டும் தூரத்தைக் காணவே ஆட்டப் படம் கேட்டிருந்தோம், வேறொருவரை அமர்த்திவிட்டோம்.

நிகண்டைத் திறந்தேன். எட்டும் தூரம் அங்கே இருந்தது. கால்விரல் முதல் கைவிரல்வரை, அளவுகோல் வைத்து அளக்கலாம்போல் இருந்தது.

ஏகாம்பரத்திடம் வேலை இல்லை என்று மட்டும் சொன்னேன். "பரவால்லீங்க அய்யா, நீங்க எவ்ளோ அலைஞ்சீங்க" என்றார். அந்த வாரமே பம்பாய்க்குப் புறப்பட்டார். ரயில் நிலையத்தில் சின்னப் பெண் அவர் தோளைவிட்டு இறங்க மறுத்து அழுதாள். வழியனுப்பப் போட்டோக்காரரும் வந்திருந்தார். வண்டி போனபின் என் அருகில் வந்தார்.

"படம் அனுப்பினீங்களே, இன்னா சொன்னாங்க?"

உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் நிறையவே இருந்தது. அடுத்த வண்டிகூட வர வெகுநேரம் இருந்தது.

"முகம் தெரியவில்லையாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆங்... அப்டியா" என்றார். பழுப்பேறிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அவ்வாண்டுத் தேர்வுக்கு முன் பள்ளிப் படம் எடுக்க அவரை அழைத்தோம். அவர் இயல்பை அறிந்து, மரநிழலில் விசுப்பலகைகளை நானே போடச் செய்திருந்தேன். அவர் வந்தார், பார்த்தார். எல்லாவற்றையும் தூக்கி வெயிலில், கிழக்கு நோக்கிப் போடச் சொன்னார். ஏறும் வெயில் எங்கள் முகத்தில் அறைந்தது.

"என்னய்யா இது, கண்ணைத் திறக்க முடியவில்லை" என்றார் தலைமையாசிரியர்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார். மொகம் தெரியணும் இல்ல?" என்றவர், காமிராவின் கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவர் பேச்சில் குத்தல் இல்லை. சரிபார்த்துக்கொள்ளும் கவலைதான் இருந்தது. "இப்ப சரியா இருக்குங்களா, வாத்தியாரே?"

"சரி" என்றேன்.

அந்தப் படத்தைச் சட்டமிட்டுத் தலைமையாசிரியர் அறையில் மாட்டினார்கள். அங்கே வேலை பார்த்த அத்தனை ஆண்டுகளும் நாள்தோறும் அதைக் கடந்து நடந்தேன். எல்லா முகமும் தெளிவாகத் தெரியும். ஒருவர் கண்ணும் திறந்திராது.